எடைக் குறைப்பு ஆபரேஷன்: காப்பீடு எப்போது கை கொடுக்கும்?

மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையின் இன்சூரன்ஸ் பிரிவில் வேலை பார்க்கிறேன். “உடம்பு குறைக்கிற ஆபரேஷனுக்கெல்லாம் இன்சூரன்ஸ் கிடைக்குமாம்மா?” என்று தயங்கியபடியே கேட்பவர்கள் நிறைய. அழகுக்காகச் செய்துகொள்வது என்று வீட்டார் பேசிப் பேசியே அவர்களைக் கூச வைத்திருப்பார்கள். கூச்சம் வேண்டாம். உடல் பருமன் ஒரு நோய். அதற்கான சிகிச்சைதான் இது.

காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ, 2019-இல் இதற்கென்று நிபந்தனைகளை வகுத்தது. மருத்துவர் பரிந்துரைக்க வேண்டும். வயது 18 நிறைந்திருக்க வேண்டும். உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் பிஎம்ஐ 40 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். 35-ஐத் தொட்டிருந்தால், கட்டுக்குள் வராத சர்க்கரை, இதய நோய், தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் கடும் பாதிப்பு போன்றவற்றில் ஒன்றாவது இருக்க வேண்டும். மற்ற வழிகளில் முயன்றும் எடை குறையவில்லை என்பதும் தெரிய வேண்டும்.

அண்மையில் வந்த ஒரு அம்மாவுக்கு உயரம் 160 செ.மீ., எடை 96 கிலோ. பிஎம்ஐ 37.5. கூடவே, அடங்காத சர்க்கரை. ‘எடை குறைக்க முயன்றதற்கு ஆதாரம் என்ன?’ என்று கம்பெனி கேட்டது. உணவு ஆலோசகர் எழுதிக் கொடுத்த சீட்டுகளையெல்லாம் தேதிவாரியாக ஒரு ஃபைலில் போட்டு வைத்திருந்தார். அப்ரூவல் வந்துவிட்டது.

ஆபரேஷனுக்கு முன் கல்லீரல் சுருங்குவதற்காகக் குறைந்த கலோரி உணவு கொடுப்பார்கள். அதில் சில கிலோ இறங்கி, பிஎம்ஐயும் குறைந்துவிடும். அதனால் உணவுமுறை தொடங்கும் முன்பே உயரத்தையும் எடையையும் மருத்துவர் கையெழுத்தோடு பதிவு செய்து வாங்கிவிடுங்கள்.

பாலிசி படிவத்தில் ஏஜென்ட் எடையைக் குறைத்து எழுதினால் சம்மதிக்காதீர்கள். பின்னால் க்ளெய்மை மறுக்க அதுவே காரணமாகும். பாலிசி எடுக்கும் முன்பே இருந்த நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் 36 மாதம் வரை இருக்கலாம். இளைத்த பிறகு தொங்கும் தோலை அகற்றுவது பெரும்பாலும் அழகு சிகிச்சைக் கணக்கில் போய்விடும். அதற்குப் பணம் எதிர்பார்க்க முடியாது.

கம்பெனி க்ளெய்மை மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். முதலில் கம்பெனிக்கே புகார் எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ, சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை. உங்கள் உரிமையைக் கேட்டு வாங்குங்கள்.