முகமில்லாத உளவாளி

முன்பெல்லாம் நம் போடியில் உளவு என்றால், டீக்கடை பெஞ்சில் நாளிதழை விரித்துக்கொண்டு காதைத் தீட்டியிருக்கும் மஃப்டி காவலர்தான். அவர் யாரென்று நமக்கும் தெரியும். டீயும் வாங்கிக் கொடுப்போம்! இன்று விடிகாலையில் ஜீப் ஏறி ஏலத் தோட்டத்துக்குப் போகிறவர் கையிலும் ஸ்மார்ட்போன். உளவாளிக்கோ முகமே இல்லை.

இஸ்ரேலின் என்.எஸ்.ஓ. நிறுவனம் தயாரித்த பெகாசஸ், அரசுகளுக்கு மட்டுமே விற்கப்படுவதாக அந்நிறுவனம் சொல்கிறது. 2019-இல் வாட்ஸ்அப் அழைப்பு வழியாக சுமார் 1,400 போன்கள் குறிவைக்கப்பட்டன. அழைப்பை எடுக்க வேண்டியதுகூட இல்லை. புகுந்துவிட்டால் செய்தி, படம், இருப்பிடம், மைக், கேமரா எல்லாம் அதன் வசம். என்கிரிப்ஷன் வழியில் போகும் செய்தியைத்தான் காக்கும். போனுக்குள்ளேயே உட்கார்ந்து படிப்பவனை என்ன செய்யும்?

2021 ஜூலையில் வெளியான, குறிவைக்கப்பட்டிருக்கக்கூடிய எண்களின் பட்டியலில் மே 17 இயக்கத்தின் திருமுருகன் காந்தியும் இருந்தார். உச்ச நீதிமன்றக் குழு 29 போன்களைச் சோதித்தது. ஐந்தில் தீய மென்பொருள் இருந்தது. அது பெகாசஸ்தானா என்பது உறுதியாகவில்லை. ஒன்றிய அரசு ஒத்துழைக்கவில்லை என்று குழு சொன்னதை 2022 ஆகஸ்டில் நீதிமன்றமே தெரிவித்தது.

அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 12-ஆம் வசனம் துருவி ஆராய்வதைத் தடுக்கிறது. அரசைக் குறை சொல்லும் நாமே அடுத்தவர் உரையாடலை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் குழுவில் போடுகிறோமே, அது என்ன?

பெகாசஸ் நம்மைப் போன்றவர்களைத் தேடி வருவது அரிது. திருமணப் பத்திரிகை என்ற பெயரில் வரும் ஏபிகே கோப்புதான் வரும். அதை நிறுவி அனுமதி கொடுத்தால் வங்கி ஓடிபி வரை எவனோ படிப்பான்.