கூலரை மாற்றினால் வாரண்டி போய்விடுமா?

சித்திரை, வைகாசியில் நைனார்பாளையம், சின்னசேலம் பக்கம் கம்ப்யூட்டரை நம்பிப் பிழைப்பவர்களுக்கு வெயில் பெரிய தலைவலி. கல்யாண ஆல்பமும் வீடியோ எடிட்டிங்கும் செய்கிற ஸ்டுடியோவில், மதியத்துக்கு மேல் சிஸ்டம் இழுக்கத் தொடங்கிவிடும். பிராசஸரோடு பெட்டியில் வந்த சின்ன கூலர் அந்தச் சூட்டுக்கு ஈடுகொடுக்காது. தனியாக ஒரு டவர் கூலர் வாங்கி மாட்டுகிறார்கள். நல்ல காரியம்தான். ஆறேழு மாதம் கழித்து சிஸ்டம் ஆன் ஆகாமல் போகும்போதுதான் வயிற்றில் புளி கரைகிறது. "பழைய கூலரையே மாட்டி, ஒன்றும் தெரியாத மாதிரி கொடுத்துவிடு" என்று யாராவது யோசனை சொல்வார்கள். அந்தப் பொய்க்குத் தேவையே இல்லை என்பது பலருக்குத் தெரியாது.

இன்டெல், ஏஎம்டி இரண்டும் பெட்டியில் விற்கும் பிராசஸர்களுக்குப் பொதுவாக 3 ஆண்டு வாரண்டி தருகின்றன. இன்டெல் 2015ல் ஆறாம் தலைமுறையைக் கொண்டுவந்தபோதே, வேகத்தை ஏற்றிக்கொள்ள வசதியுள்ள கே வரிசைப் பெட்டிகளில் கூலர் வைப்பதை நிறுத்திவிட்டது. ஏஎம்டியும் பல உயர்ரக ரைசன்களைக் கூலர் இல்லாமல்தான் விற்கிறது. வெளிக் கூலர் வாங்கியே தீர வேண்டும் என்று விற்றவர்கள், வெளிக் கூலரைக் காரணம் காட்டி வாரண்டியை மறுக்க முடியாது. சிக்கல் இருந்தது கூலரோடு வரும் ஏஎம்டி பெட்டிகளில். உள்ளே இருக்கும் கூலரைத் தவிர வேறு எதைப் பயன்படுத்தினாலும் வாரண்டி செல்லாது என்று அதன் வாரண்டித் தாளில் ஒரு வரி இருந்தது. 2018ல் இது சர்ச்சையானபோது, தன் அளவுகோலுக்குள் பிராசஸரை வைத்திருக்கும் கூலராக இருந்தால் வாரண்டி உண்டு என்று அந்த நிறுவனமே விளக்கம் கொடுத்தது.

இன்றைய பிராசஸர் வெறும் சூட்டால் கருகுவது அபூர்வம். இன்டெல்லில் பெரும்பாலும் 100 டிகிரி செல்சியஸ், ரைசன் 7000 வரிசையில் பலவற்றுக்கு 95 டிகிரி என்று எல்லை வைத்திருக்கிறார்கள். அதைத் தொட்டதும் பிராசஸர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதையும் மீறினால் சிஸ்டம் அணைந்துவிடும். கூலரால் வரும் சேதம் பெரும்பாலும் மாட்டும்போதும் கழற்றும்போதும் நடப்பது. ஏஎம்4 சாக்கெட் பிராசஸர்களில் பின்கள் பிராசஸரின் அடியில் இருக்கும். பிராசஸருக்கும் கூலருக்கும் நடுவே பூசிய பேஸ்ட் ஓரிரு வருடத்தில் காய்ந்து பசைபோல் இறுகியிருக்கும். சிஸ்டம் குளிர்ந்து கிடக்கும்போது கூலரை நேராக மேலே இழுத்தால், பூட்டிய சாக்கெட்டிலிருந்து பிராசஸரும் கூடவே பிடுங்கிக்கொண்டு வரும், பின்கள் வளையும். சிஸ்டத்தைக் கொஞ்ச நேரம் ஓட்டி, பேஸ்ட் இளகியதும் அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கூலரை இடமும் வலமுமாக மெல்லத் திருகி எடுப்பதுதான் முறை. புதிய இன்டெல் பிராசஸர்களில் பின்கள் மதர்போர்டு சாக்கெட்டில் இருக்கின்றன. அங்கே ஸ்க்ரூடிரைவர் நழுவி விழுந்தால் போர்டு போயிற்று. சர்வீஸ் சென்டரில் லென்ஸ் வைத்து முதலில் பார்ப்பது இந்தத் தடயங்களைத்தான். பழைய கூலரை மாட்டிக் கொடுப்பதால் வளைந்த பின் நிமிர்ந்துவிடாது.

வாரண்டி நிஜமாகவே போகும் இடங்கள் வேறு. பிராசஸரின் மேல்மூடியைப் பெயர்ப்பது, அதைத் தேய்ப்பது, பேஸ்டுக்குப் பதில் திரவ உலோகம் பூசி மேலே அச்சிட்ட எண்கள் அழிந்துபோவது, வோல்டேஜை ஏற்றி ஓவர்கிளாக் செய்வது, அதாவது நிர்ணயித்த வேகத்துக்கு மேல் ஓட்டுவது. ஓவர்கிளாக் செய்பவர்களுக்கென்றே இன்டெல் 2021 வரை தனிக் கட்டணத்தில் ஒரு பாதுகாப்புத் திட்டம் விற்றது. சாதாரண வாரண்டியில் ஓவர்கிளாக் சேதம் அடங்காது என்பதற்கு வேறு சான்று வேண்டாம். வேகத்தை ஏற்றி எரித்துவிட்டு "தானாகவே போச்சு" என்று சொல்வது ஏமாற்று. அந்த நஷ்டம் பெரிய கம்பெனியோடு நிற்பதும் இல்லை. வாடிக்கையாளர் முகத்துக்காக உள்ளூர்க் கடைக்காரர் வேறு பொருளைக் கையில் கொடுத்துவிட்டு, பழுதானதை டீலருக்கு அனுப்புகிறார். அது நிராகரிக்கப்பட்டுத் திரும்பினால் பணம் அவர் கையிலிருந்து போகிறது. அடுத்த முறை நேர்மையானவர் வந்தாலும் கடைக்காரர் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்.

குற்றம் கம்பெனிப் பக்கம் இருந்ததும் உண்டு. இன்டெல்லின் 13, 14ஆம் தலைமுறைப் பிராசஸர்கள் காரணம் தெரியாமல் தடுமாறியபோது, போர்டு செட்டிங்கின் மீதும் பழி விழுந்தது. கடைசியில், பிராசஸர் அளவுக்கு மீறிய வோல்டேஜ் கேட்டதும் காரணம் என்று 2024ல் இன்டெல் ஒப்புக்கொண்டு, பெட்டியில் விற்ற பிராசஸர்களுக்கு வாரண்டியை 2 ஆண்டு நீட்டியது. எந்தக் கூலர், எந்த செட்டிங் என்று உள்ளதை உள்ளபடி பயனர்கள் சொன்னால்தான் இப்படிப்பட்ட பழுதுகளின் வேர் பிடிபடும்.

வெளியாள் வேலையைக் காரணம் காட்டி வாரண்டியை மறுக்கலாமா என்ற கேள்விக்கு நெருக்கமான ஓர் உத்தரவு இந்தியாவில் கார் தொழிலில் வந்தது. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் போட்டது. வெளி மெக்கானிக்கிடம் போனாலே வாரண்டி ரத்து என்று ஒட்டுமொத்தமாக நிபந்தனை போடக்கூடாது, தவறான வேலையால் வந்த சேதத்துக்கு மட்டும் மறுக்கலாம் என்பதும் அந்த உத்தரவில் உண்டு. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின. உத்தரவு கார்களுக்கானதுதான்; ஆனால் அதன் நியாயம் கூலருக்கும் அப்படியே பொருந்துகிறது என்பது என் கருத்து.

ஆகவே பொருளைக் கொடுக்கும்போதே என்ன கூலர், எப்போது மாட்டியது, யார் மாட்டியது என்று எழுதிக் கொடுங்கள். ஜிஎஸ்டி பில்லின் நகலையும், மாட்டும் முன் எடுத்த போட்டோ இருந்தால் அதையும் சேர்த்துக் கொடுங்கள். மறுத்தால், எந்தச் சேதம், அது கூலரால் எப்படி வந்தது என்று எழுத்தில் பதில் கேளுங்கள். பதில் நியாயமாக இல்லையென்றால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. அதிலும் முடியாவிட்டால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 2 ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். பொருளை வாங்கியது சென்னைக் கடையிலானாலும், நைனார்பாளையத்துக்காரர் தான் குடியிருக்கும் பகுதிக்கான மாவட்ட ஆணையத்திலேயே புகார் தரலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது.