உள்பக்கம் மட்டும் தேய்ந்த டயர்

பிள்ளைகளே, என் மேசையில் ஒரு டயர்த் துண்டு இருக்கிறது. கேக் வெட்டுவதுபோல் குறுக்கே அறுத்த துண்டு. ஒரு ஓரத்தில் அடிமட்டத்தை நிறுத்தினால் பள்ளத்தின் ஆழம் 5 மில்லிமீற்றர். நடுவில் 4. மறு ஓரத்தில் பள்ளமே கிடையாது. இறப்பர் முழுக்கத் தேய்ந்து, உள்ளே இருந்த உருக்குக் கம்பி முடிமுடியாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. தொட்டால் விரலில் குத்தும்.

பொல்பிட்டியப் பக்கத்தில் ஒரு சின்னக் கராஜில்தான் இது எனக்குக் கிடைத்தது. ஏப்ரல் மாதம். நுவரெலியா சீசனுக்குப் போய்விட்டு இறங்கிவந்த ஒரு சிவப்புக் கார் அங்கே நின்றது. தரையோடு தரையாகத் தாழ்ந்த கார். சக்கரம் பெரிது, டயரோ பட்டிபோல ஒடுங்கியது. வெளியிலிருந்து பார்த்தால் நான்கு டயரும் நல்லாகத்தான் தெரிந்தன. ஜாக்கியில் தூக்கி, கழற்றித் திருப்பியபோதுதான் உள்பக்கத்தில் கம்பி தெரிந்தது.

"எட்டு மாசந்தாண்ணே ஆகுது டயர் போட்டு. கடைக்காரன் பழசக் குடுத்துட்டானோ?" என்றார் காரோட்டி வந்த இளைஞர்.

"கடைக்காரர ஏசாதீங்க தம்பி. டயர் பாவம், அது ஒண்ணும் பண்ணல. காரு அத ஒரு பக்கமாவே மிதிச்சிருக்கு" என்றார் கராஜ்காரர்.

அந்த ஒரு பேச்சில் ஒரு பாடமே இருக்கிறது. அதைத்தான் இன்று பிரித்துப் பார்க்கப்போகிறோம்.

பென்சில் பெட்டியிலிருந்து அழிறப்பரை எடுங்கள். தாளில் அழுத்தித் தேயுங்கள். பிடிக்கிறது அல்லவா? கூடவே கறுப்புச் சுருளாகத் துகளும் விழுகிறது. மெதுவான அழிறப்பர் நன்றாகப் பிடிக்கும், சீக்கிரம் கரையும். கடினமானது நாள்கணக்கில் உழைக்கும், ஆனால் வழுக்கும். டயரும் இதே கதைதான். வேகமாக வளைந்து திரும்புவதற்கென்று செய்த காருக்கு மெதுவான இறப்பரில் டயர் போடுவார்கள். தெருவின் நுண்ணிய மேடுபள்ளங்களுக்குள் அது புகுந்து பிடித்துக்கொள்ளும். அந்தப் பிடிக்கு விலையாகத் தன்னையே கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துவிடும். ஆகவே இத்தகைய காரின் டயர் சாதாரணக் காரின் டயரைவிட முந்தித் தேய்வதில் வியப்பில்லை. எட்டு மாதத்தில் கம்பி தெரிவதுதான் வியப்பு.

இப்போது அதே அழிறப்பரைச் சற்றே சாய்த்துப் பிடித்துத் தேயுங்கள். ஒரு விளிம்பு மட்டும் கரைகிறதா? இந்தக் காருக்கு நடந்தது அதுதான். வளைவில் திரும்பும்போது காரின் உடல் வெளிப்பக்கம் சரியும். அப்போதும் டயர் முழு அகலத்தோடு தெருவில் பதிய வேண்டும் என்பதற்காகச் சக்கரத்தின் மேற்பகுதியை உள்நோக்கிக் கொஞ்சம் சாய்த்து வைப்பார்கள். இந்தச் சாய்வுக்குக் கேம்பர் என்று பெயர். வளைவில் இது நன்மை. நேர்த்தெருவிலோ பாரம் உள்விளிம்பில்தான் கூடுதலாக விழும். வாங்கிய காரை அழகுக்காக இன்னும் தாழ்த்தினால், பல கார்களில் சாய்வும் தானாகவே கூடிவிடும்.

ஆனால் சாய்வு மட்டும் இவ்வளவு வேகமாக டயரைத் தின்னாது. கூட்டாளி ஒருவன் இருக்கிறான், பெயர் டோ. இரண்டு பாதங்களையும் வாத்துப்போல் வெளிப்பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு நேராக நடந்து பாருங்கள். ஒவ்வோர் அடியிலும் செருப்பு தரையில் பக்கவாட்டாக உரசும். சக்கரங்களும் அப்படித் திரும்பியிருந்தால், ஓடுகிற ஒவ்வொரு மீற்றரிலும் டயர் இழுபட்டுத் தேயும். இதைக் கையாலேயே கண்டுபிடிக்கலாம். கராஜ்காரர் என் உள்ளங்கையைப் பிடித்து டயரின் குறுக்கே தடவ வைத்தார். ஒரு திசையில் வழுவழுப்பு. எதிர்த்திசையில் அரத்தைத் தடவியதுபோல் கரகரப்பு. இறப்பர்க் கட்டைகளின் ஒரு விளிம்பு மழுங்கி, மறு விளிம்பு கூர்ந்திருந்தது. வீல் அலைன்மென்ட் பிசகியதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை. பள்ளத்தில் ஒருமுறை பலமாக இறங்கினாலே அது பிசகலாம். நம் தெருக்களில் பள்ளத்துக்குப் பஞ்சமா?

இனி நம் மலைக்கு வருவோம். யட்டியாந்தோட்டை, கித்துல்கல, கினிகத்தேனை, ஹற்றன் என்று ஏறும் பாதையில் எத்தனை முடக்கு! ஒரே முடக்கில் 20 கிலோமீற்றர் வேகத்தில் திரும்பும் கார் 40 இல் திரும்பினால், டயர் தாங்க வேண்டிய பக்கவிசை இரண்டு மடங்கு அல்ல, நான்கு மடங்கு. வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப அது கூடுகிறது. ஒவ்வொரு டயரும் தெருவைத் தொடும் இடம் உங்கள் அப்பாவின் உள்ளங்கை அளவுதான் இருக்கும். நான்கு உள்ளங்கை இறப்பர்தான் ஒன்றரைத் தொன் காரை மலையில் பிடித்து வைக்கிறது.

இறங்கும்போது இன்னொரு கணக்கு. 1969 இல் இயங்கத் தொடங்கிய பொல்பிட்டிய நீர்மின் நிலையத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மேலிருந்து விழும் நீரின் சக்தியை அது மின்சாரமாக்குகிறது. கார் இறங்கினாலும் அதே சக்திதான் வெளிப்படுகிறது. 1,400 கிலோ கார் 1,000 மீற்றர் கீழே வந்தால் ஏறக்குறைய 4 அலகு மின்சாரத்துக்கு ஈடான சக்தி. நீர்மின் நிலையத்தில் அதை வாங்கிக்கொள்ள விசையாழி உண்டு. காரில் அதில் கணிசமான பகுதி பிரேக்கில் சூடாகிப் போகிறது. ஆனால் பிரேக் சக்கரத்தைத்தான் பிடிக்கும். தெருவைப் பிடிப்பது டயர். பிரேக்கை அழுத்தும் ஒவ்வொரு தடவையும் டயரும் கூலி கொடுக்கிறது.

காற்றமுக்கம் குறைந்த டயர் இரு ஓரங்களிலும் தேயும். கூடினால் நடுவில் தேயும். இது பலருக்கும் தெரியும். மலை ஏறினால் என்ன ஆகும் என்பது எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. அமுக்கமானி டயரின் உள்ளே உள்ள காற்றுக்கும் வெளிக்காற்றுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் காட்டும். 1,868 மீற்றர் உயரமுள்ள நுவரெலியாவில் வெளிக்காற்றின் அமுக்கம் கொழும்பைவிட ஏறக்குறைய 3 பி.எஸ்.ஐ. குறைவு. அப்படியானால் மானி 3 கூட்டிக் காட்ட வேண்டுமே? பொறுங்கள். கொழும்பில் 30 பாகை, நுவரெலியாவில் 15 பாகை என்றால், டயரின் உள்காற்றும் குளிர்ந்து 2 பி.எஸ்.ஐ.க்குச் சற்று மேல் இறங்கிவிடும். ஏற்றமும் இறக்கமும் ஒன்றையொன்று ஏறத்தாழச் சரிக்கட்டிவிடுகின்றன. ஓடிச் சூடான டயரில் அளந்தால் மட்டும் கணக்குப் பிழைக்கும். காலையில், கார் ஓடுவதற்கு முன் அளக்க வேண்டும்.

சிவப்புக் காருக்குப் புது டயர் வேண்டும். எதைப் போடுவது? டயரின் பக்கச்சுவரை வாசிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. அதில் 225/40 ஆர் 18, 92 டபிள்யூ என்று இருந்தது. அகலம் 225 மில்லிமீற்றர். பக்கச்சுவரின் உயரம் அகலத்தில் நூற்றுக்கு 40, அதாவது 90 மில்லிமீற்றர். 18 அங்குலச் சக்கரம். 92 என்றால் ஒரு டயர் 630 கிலோ தாங்கும். டபிள்யூ என்றால் மணிக்கு 270 கிலோமீற்றர் வரை உறுதி. அளவு, பாரம், வேகம் மூன்றிலும் கார் கேட்பதற்குக் குறைந்ததைப் போடக் கூடாது. பக்கத்தில் நான்கு இலக்கம் இருக்கும். 2323 என்றால் 2023 ஆம் ஆண்டின் 23 ஆவது வாரத்தில் பிறந்த டயர். கடையில் கேட்பதற்கு முன் இதைப் பாருங்கள். தேயாமலே கிழடாகிப்போன டயரும் உண்டு.

பல டயர்களில் தேய்மானத் தர எண்ணும் இருக்கும். பந்தயத்துக்கு நெருங்கிய டயரில் 200, வீட்டுக்காருக்குரிய டயரில் 400, 500. எண் கூடக் கூட நீண்ட நாள் உழைக்கும். ஆனால் ஒரு நிறுவனத்தின் எண்ணை இன்னொன்றின் எண்ணோடு கறாராக ஒப்பிட முடியாது.

மஹகஸ்தொட்ட மலையேற்றப் பந்தயம் நுவரெலியாவில் 1934 இலேயே தொடங்கியது. அங்கே ஒருவர் சில நிமிட ஓட்டத்துக்காக மெதுவான டயர் போட்டால் அது நியாயம். அன்றாடம் இந்த மலையில் ஏறி இறங்குபவருக்கு? வட்டவளையில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. இங்கே டயரின் முதல் வேலை தண்ணீரைப் பள்ளங்கள் வழியே வெளியே தள்ளுவது. தள்ள முடியாவிட்டால் கார் தண்ணீரின் மேல் சறுக்கும். பள்ளத்துக்குள் சிறு மேடுகள் இருக்கும். இறப்பர் அதன் மட்டத்துக்குத் தேய்ந்தால் மிஞ்சுவது 1.6 மில்லிமீற்றர்தான். நம் மழைக்கு அதுவரை காத்திருப்பதே தப்பு என்பேன். ஈரத்தில் நன்றாகப் பிடிக்கும், நடுத்தர மெதுமையுள்ள டயரே இந்தக் காருக்குச் சரி என்று கராஜ்காரர் சொன்னார். எனக்கும் அதுதான் சரியாகப்பட்டது. நான்கும் ஒரே வகையாக இருக்க வேண்டும். இரண்டுதான் வாங்க முடியுமென்றால் புதியவை பின்னால். ஈரத்தில் பின்சக்கரம் வழுக்கினால் கார் சுழன்றுவிடும், அதைத் திருத்துவது கடினம்.

"அலைன்மென்ட் பாக்காம புது டயர ஏத்துனா, இதே எட்டு மாசத்துல திரும்ப வருவீங்க" என்றார். இளைஞர் முதலில் அதைச் செய்யச் சம்மதித்தார். பழைய டயரில் ஒன்றை அறுத்து எனக்குத் தந்தது அப்போதுதான்.

தேய்ந்த இறப்பர் எங்கே போனது? ஒரு கார் டயர் தன் வாழ்நாளில் ஒரு கிலோ அளவுக்கு இறப்பரைத் தெருவில் விட்டுச் செல்கிறது. மழை அதை வடிகாலில் சேர்க்கும். வடிகால் ஆற்றில் சேர்க்கும். கெசல்கமுவ ஓயாவும் மஸ்கெலியா ஓயாவும் சேர்ந்து களனி கங்கையாவது பொல்பிட்டியவுக்கு அருகில்தான். கொழும்பு குடிக்கும் தண்ணீர் அந்த ஆற்றிலிருந்துதான் அம்பத்தலையில் எடுக்கப்படுகிறது. இறப்பர் வெடிக்காமலிருக்க டயரில் சேர்க்கும் ஒரு பொருள் காற்றிலுள்ள ஓசோனோடு சேர்ந்து மாறுகிறது என்றும், அமெரிக்காவின் வாஷிங்டன் மாநில ஓடைகளில் கோஹோ சால்மன் மீன்கள் அதனால்தான் செத்தன என்றும் 2020 இல் விஞ்ஞானிகள் கண்டறிந்தார்கள்.

அன்று மாலை மழை பெய்தது. கராஜின் முன்னால் தெருவோரம் ஓடிய தண்ணீரில் ஒரு வெள்ளைத் தாளை நனைத்து உலரவைத்தேன். மண்ணோடு சேர்ந்து கறுப்பாகச் சில துகள்கள் ஒட்டியிருந்தன. ஒன்றை விரல்களுக்கிடையில் உருட்டினேன். அழிறப்பர்த் துகளைப்போலவே நீண்டது.