இட்டேரியில் மிதிவண்டி

குண்டடம் வட்டாரத்தில் தார்ச் சாலையை விட்டு இறங்கினால் இட்டேரி தொடங்குகிறது. இருபுறமும் கிளுவை வேலி. அப்பால் வெள்வேல மரங்கள் நிற்கும் கொறங்காடு. அடியிலே சரளை மண். பேருந்தும் லாரியும் புகாத இப்பாதை மிதிவண்டிக்கென்றே அமைந்தது போலும்!

இத்தகைய பாதையின் அருமையை இத்தாலி நாட்டார் உணர்ந்தனர். அங்கே கியாந்தி என்னும் குன்றுப் பகுதி திராட்சைத் தோட்டங்களுக்கும் திராட்சை மதுவுக்கும் பெயர் பெற்றது. தோட்டங்களினூடே செல்லும் வெண்சரளைப் பாதைகள் தாரால் மூடப்பட்டு மறைந்துவருவதைக் கண்ட அன்பர்கள், அவற்றைக் காக்கும் நோக்குடன் 1997-இல் கயோலே என்னும் ஊரில் ‘எரோயிகா’ என்ற மிதிவண்டிப் பயணத்தைத் தொடங்கினர். முதலாண்டில் வந்தோர் 92 பேரே. பின்னர் ஆயிரக்கணக்கானோர் பழைய மிதிவண்டிகளுடன் வரலாயினர். இன்று அப்பாதைகளே அவ்வூருக்குப் பெருமை.

நம் இட்டேரிக்கும் இடர் உண்டு. ஓரத்தை ஆண்டுக்கொரு சால் உழுதால், பாதை ஒற்றையடியாகிவிடும். பிறகு விளைச்சலை ஏற்றிச் செல்ல வழியேது? கிளுவை வேலி போனால், வயல் எலியைப் பிடிக்கும் கீரிக்குப் புகலேது?

ஆகவே, தறியில் உழைக்கும் இளைஞரும் பண்ணையத்து இளைஞரும் ஓய்வு நாளில் மிதிவண்டியேறி இட்டேரி வழியே சென்றுவர வேண்டுகிறோம். ஆள் நடமாடும் பாதையை எவரும் எளிதில் உழுதுவிடார்.