மடிப்பு மாறினால் உடலும் மாறும்

ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் மண்ணுக்கடியில் வளை தோண்டி வாழும் சிறு பாலூட்டி ஐபீரிய மோல். இதில் பெண்ணின் சினைப்பையோடு விந்தகத் திசுவும் சேர்ந்தே வளர்கிறது. அந்தத் திசு விந்தணுவை உண்டாக்குவதில்லை. ஆண் ஹார்மோனை மட்டும் தாராளமாகச் சுரக்கிறது. அதனால் பெண்ணுக்கும் ஆணுக்கு நிகரான தசைவலுவும் மூர்க்கமும் உண்டு. தோண்டிப் பிழைக்கும் விலங்குக்கு இது லாபம்தானே? குட்டி ஈனுவதிலும் குறையில்லை.

இதற்கென்று புதிய மரபணு எதுவும் முளைக்கவில்லை என்று பெர்லின் ஆய்வாளர்கள் 2020-இல் 'சயின்ஸ்' இதழில் காட்டினார்கள். மாறியிருந்தது பழைய மரபணுக்களின் அக்கம்பக்கம்.

மனித செல் ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 2 மீட்டர் நீள டி.என்.ஏ., மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவுள்ள உட்கருவுக்குள் மடிந்து கிடக்கிறது. மரபணுவை எங்கே, எப்போது இயக்குவது என்று தீர்மானிக்கும் சுவிட்சுகளும் அதே இழையில்தான் உள்ளன. சில சுவிட்சுகள் தம் மரபணுவிலிருந்து 10 லட்சம் எழுத்துகள் தள்ளியிருக்கும். இழை மடிவதால்தான் இரண்டும் நெருங்குகின்றன. இந்த மடிப்புகள் தனித்தனி வட்டாரங்களாகப் பிரிந்திருப்பது 2012-இல் தெரியவந்தது. 'டாட்' என்று அவற்றுக்குப் பெயர். வட்டார எல்லைகள் பலவற்றில் சி.டி.சி.எஃப். என்ற புரதம் மதில்போல் நின்று, ஒரு வீட்டுச் சுவிட்ச் அடுத்த வீட்டு விளக்கைப் போட்டுவிடாமல் தடுக்கிறது.

மோலில் எஃப்.ஜி.எஃப்.9 மரபணுவை ஒட்டிய பெரிய துண்டு ஒன்று தலைகீழாகத் திரும்பியிருந்தது. விந்தக வளர்ச்சிக்கு உதவும் அந்த மரபணு, வட்டார எல்லை கலைந்ததால் புதிய சுவிட்சுகளின் பிடியில் சிக்கிப் பெண்ணிலும் அணையாமல் இயங்குகிறது. ஆண் ஹார்மோன் தயாரிப்பில் பங்குள்ள இன்னொரு மரபணுவின் பகுதி மும்மடங்காகப் பெருகி, அதைத் தூண்டும் சுவிட்சுகளும் கூடியிருந்தன. மோலின் அத்தகைய சுவிட்ச் ஒன்றைச் சுண்டெலியில் புகுத்தியபோது பெண் எலிகளுக்கு ஆண் ஹார்மோன் ஏறியது, பிடிவலுவும் கூடியது.

எல்லை உடைவதெல்லாம் நன்மையில் முடியாது. சில குடும்பங்களில் பிறவியிலேயே விரல்கள் குட்டையாகவோ ஒட்டியோ கூடுதலாகவோ இருப்பதற்கு இத்தகைய உடைப்பே காரணம் என்று 2015-இல் கண்டறிந்தார்கள். இ.பி.எச்.ஏ.4 மரபணுவுக்கான சுவிட்சுகள், எல்லை கலைந்ததும் பக்கத்து மரபணுக்களை வளரும் கையில் தவறாக இயக்கிவிட்டன.

பெரும்பாலான உடைப்புகள் இப்படித் தீங்கு செய்வதால் இயற்கைத் தேர்வு அவற்றைக் களைந்துவிடுகிறது. எலிக்கும் மனிதருக்கும் பல எல்லைகள் இன்றும் பொதுவாக இருப்பது இதனால்தான். எப்போதாவது ஓர் உடைப்பு வாழ்க்கைக்கு வசதியாக அமைந்தால் அது நிலைத்துவிடுகிறது. இரு விலங்குகளின் மரபணுக்களை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டால் மட்டும் அந்த மாற்றம் பிடிபடாது. அவற்றின் மடிப்பு வரைபடங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.