வான்வழித் தொலைவைக் கணித்தல்

இரண்டு விமான நிலையங்களுக்கு இடையேயுள்ள தொலைவைக் கேட்டால், நிலப்படத்தின் மீது அளவுகோலை வைத்துச் சொல்லிவிடலாம் என்றே நம்மில் பலரும் எண்ணுவர். உருண்டையைத் தட்டையாக்கி வரைந்த படமோ இவ்விடத்தில் நம்மை ஏமாற்றிவிடுகிறது. டோக்கியோவும் சான்பிரான்சிஸ்கோவும் ஏறத்தாழ ஒரே அட்சரேகையை ஒட்டிய நகரங்கள். அந்த ரேகையைப் பற்றிக்கொண்டே நேர் கிழக்கில் பறந்தால் தொலைவு சுமார் 8,650 கிலோமீட்டர். வடக்கே வளைந்து, அலூசியன் தீவுகளுக்குத் தெற்கே சென்று இறங்கினால் 8,200 கிலோமீட்டரை ஒட்டியே முடிந்துவிடும். படத்தில் நீளமாகத் தோன்றும் வளைவுதான் குறுக்கு வழி!

காரணம் எளிது. புவியை அதன் மையத்தின் வழியே இரு சம பாதியாக வெட்டினால் கிடைக்கும் விளிம்பு பெருவட்டம் எனப்படும். இரண்டு ஊர்களை இணைக்கும் பெருவட்டத்தின் சிறிய வில்லே அவற்றுக்கு இடையேயுள்ள மிகக் குறைந்த தொலைவாகும்.

அதைக் கணிக்க, இரண்டு ஊர்களையும் வட துருவத்தையும் மூன்று முனைகளாகக் கொண்ட ஒரு கோள முக்கோணத்தை நாம் மனத்தில் வரைந்துகொள்ள வேண்டும். சென்னை விமான நிலையம் வட அட்சம் 13 பாகை, கிழக்குத் தீர்க்கம் 80.2 பாகை, ஜித்தா 21.7, 39.2. தீர்க்க வேறுபாடு 41 பாகை. இரு அட்சங்களின் சைன்களைப் பெருக்கினால் 0.083. இரு அட்சங்களின் கொசைன்களையும் தீர்க்க வேறுபாட்டின் கொசைனையும் பெருக்கினால் 0.683. கூட்டுத்தொகை 0.766. இதனைக் கொசைனாகக் கொண்ட கோணம் ஏறத்தாழ 40 பாகை. ஒரு பாகைக்கு 60 கடல் மைல். ஆக 2,400 கடல் மைல், அதாவது சுமார் 4,440 கிலோமீட்டர். கணிப்பான் ஒன்று கையிலிருந்தால் மாணவர் எவரும் இதனைச் செய்து பார்க்கலாம்.

புவி முழு உருண்டையன்று. துருவங்களில் சற்றே தட்டையானது. அதனால் விடையில் அரை விழுக்காடு வரை பிழை நேரலாம். காற்றின் போக்கும் நாடுகளின் வான்வெளித் தடைகளும் விமானத்தின் பாதையை இன்னும் நீட்டும். 2022இல் ரஷ்ய வான்வெளி மூடப்பட்டபின், ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோ செல்லும் பயணம் ஒன்பதரை மணியிலிருந்து பதின்மூன்று மணி நேரமளவுக்கு நீண்டது.

இந்த முக்கோணம் விமானத்திற்கு மிகவும் மூத்தது. துருவத்துக்கு எதிரேயுள்ள பக்கம் தொலைவைத் தருகிறது. நம் ஊரில் அமையும் கோணமோ திசையைத் தருகிறது. கிப்லாவின் திசை அக்கோணமேயாகும். பேரறிஞர் அல்பிரூனி (973–1048) ஊர்களின் அட்ச, தீர்க்கங்களை அளந்தறிந்து, கஜ்னி நகருக்கான கிப்லாவை இம்முறையில் கணித்தார். சென்னையிலிருந்து மக்காவுக்குத் தட்டைப் படத்தில் கோடிழுத்தால் மேற்கிலிருந்து சுமார் 12 பாகை வடக்காகத் தோன்றும். கோள முக்கோணத்தின்படி அது 18 பாகை.