கூடாரம் அடிக்க முன் அண்ணாந்து பாருங்கள்

யூலை வந்தால் ரொறன்ரோ வெக்ஸ்போர்ட்டில் எங்கள் கட்டடத் தரிப்பிடத்தில் இதே காட்சிதான். வெள்ளிக்கிழமை பின்னேரம், மூன்று வாகனம், பதினான்கு பேர், இறைச்சி ஊறப்போட்ட வாளிகள், ஒரேயொரு முகாம் சைற்றுக்கான பதிவு. எந்த சைற், மேடா பள்ளமா என்று கேட்டால், "தம்பிதான் போனில புக் பண்ணினவன்" என்பார்கள். இருட்டிய பிறகு பூங்கா வாசலில் போய் நின்று வாதாடுவார்கள்.

வாதாடிப் பயனில்லை. ஒன்ராறியோ மாகாணப் பூங்காக்களில் ஒரு சைற்றுக்கு 6 பேர்தான். பெற்றோரும் பிள்ளைகளுமாக ஒரே குடும்பம் என்றால் மட்டுமே விலக்கு. மச்சான் குடும்பமும் சித்தப்பா குடும்பமும் அந்தக் கணக்கில் வராது. கட்டணத்துக்குள் அடங்குவது ஒரு வாகனம். அடுத்ததுக்குத் தனி பேர்மிற் எடுக்கவேண்டும். பூங்காக் காவலருக்குப் பூங்கா எல்லைக்குள் பொலிசுக்குரிய அதிகாரம் உண்டு. இரவில் பாட்டுப் போட்டதற்காக வெளியேற்றப்பட்டால், எல்லோருடைய செயலுக்கும் பதில் சொல்ல வேண்டியவர் யாருடைய பெயரில் பேர்மிற் இருக்கிறதோ அவர்தான். மூன்று குடும்பம் போவதென்றால் பக்கத்துப் பக்கத்து சைற்றாக மூன்று எடுங்கள். கோவில் சங்கம், பழைய மாணவர் சங்கம் என்றால் குழு முகாம் இடம் இருக்கிறதா என்று முதலே கேளுங்கள்.

பதிவு திறப்பது போகும் நாளுக்கு ஐந்து மாதம் முன்பு, காலை 7 மணிக்கு. ஓகஸ்ட் 1ஆம் திகதி போவதற்கு மார்ச் 1ஆம் திகதி காலை கணினிக்கு முன்னால் இருக்கவேண்டும். தொலைபேசியில் என்றால் 1-888-668-7275. இடம் முடிந்துவிட்டால், யாராவது விட்டுக்கொடுக்கும்போது அறிவிக்கும் வசதி பூங்காக்களின் பதிவுத் தளத்திலேயே உண்டு. அதை விட்டுவிட்டு முகநூலில் முகம் தெரியாத ஒருவரிடம் பதிவை வாங்காதீர்கள். வாசலில் கேட்பது பதிவில் உள்ள பெயரை. ஏற்கெனவே காசு கொடுத்து ஏமாந்திருந்தால் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். உரையாடலையும் பணம் அனுப்பிய பற்றுச்சீட்டையும் படம் எடுத்து வைத்துக்கொண்டு, அன்றே வங்கிக்கும் ரொறன்ரோ பொலிசின் 416-808-2222 இலக்கத்துக்கும் சொல்லுங்கள்.

சைற்றைத் தெரிவுசெய்யும்போது வரைபடத்தில் பச்சையாக இருக்கிறதென்று அழுத்திவிடக் கூடாது. ஒவ்வொரு சைற்றுக்கும் ஒரு விபரப் பக்கம் இருக்கிறது: நிழல், மறைவு, தரை, சரிவு, படம். இந்த முக்கியமான விபரத்தை இன்னொரு அழுத்தலுக்குப் பின்னால் ஒளித்து, ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் மட்டும் வைத்திருப்பது அதிகாரிகளின் குறைதான். ஆனாலும் பிள்ளைகளைக் கொண்டாவது வாசிப்பியுங்கள். வயதான அம்மா வருகிறார் என்றால் கழிப்பறைக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் எவ்வளவு தூரம் என்று பாருங்கள். கழிப்பறைக்கு நேர் எதிரே எடுத்தாலோ இரவு முழுக்க வெளிச்சமும் நடமாட்டமும்.

ஒருமுறை நான் அந்த விபரப் பக்கத்தைப் பார்க்காமல் ஒரு பூங்காவுக்குப் போனேன். தரை பட்டுப்போல இருந்தது. மழைத் தண்ணீர் வந்து தேங்கித் தேங்கித்தான் அப்படி ஆகியிருக்கிறது. அதிகாலை 2 மணிக்குப் பிள்ளையின் தலையணை நனைந்து, சோற்றுப் பானை வாசலில் மிதந்தது. தறப்பாளைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு விடியும்வரை நின்றோம். காலையில் அலுவலகத்தில் போய்ச் சொன்னபோது, "நேற்றே வந்திருந்தால் மாற்றித் தந்திருப்போம்" என்றார்கள்.

ஆகவே வெளிச்சத்தோடு போய்ச் சேருங்கள். பொருட்களை இறக்க முன் சைற்றைச் சுற்றி நடங்கள். அண்ணாந்து பாருங்கள்: பட்டுப்போன மரம், முறிந்து தொங்கும் கொப்பு, ஒரு பக்கம் சாய்ந்த அடிமரம். 2022 மே 21, விக்ரோறியா நாள் வார இறுதி. அன்று தெற்கு ஒன்ராறியோவை அடித்த புயலில் பைன்ஹர்ஸ்ட் ஏரிப் பக்கம் முகாம் டிரெய்லர் மேல் மரம் விழுந்து ஒருவர் இறந்தார். டிரெய்லருக்கே அப்படியென்றால் துணிக் கூடாரம் என்ன தாங்கும்? எச்சரிக்கை வந்தால் கூடாரத்தை விட்டு வெளியேறுங்கள். மறுபடியும் சொல்கிறேன், அண்ணாந்து பாருங்கள்.

இன்னொன்று. மழை வந்ததும் கரி அடுப்பைக் கூடாரத்துக்குள் இழுப்பதை என் கண்ணால் கண்டிருக்கிறேன். கரி அணைந்தது போலத் தெரிந்தாலும் காபன் மொனொக்சைட் வந்துகொண்டே இருக்கும். மணம் இல்லை, நிறம் இல்லை. தூக்கத்திலேயே உயிர் போகும். குளிருக்கும் வேண்டாம், கோழி வாட்டவும் வேண்டாம். கரி அடுப்பு கூடாரத்துக்குள் வரவே கூடாது.

கறி, மீன், குளிர்பெட்டி எல்லாம் இரவில் காருக்குள் பூட்டியிருக்கட்டும். கரடிக்கு மூக்கு நல்ல கூர்மை. பூங்காக் கடற்கரைகளில் உயிர்காப்பாளர் கிடையாது, பிள்ளைகளைத் தண்ணீரில் தனியே விடாதீர்கள்.

சைற்றில் குறை கண்டால் கூடாரம் அடிக்க முன்பே படம் எடுத்துக்கொண்டு வாசல் அலுவலகத்துக்குப் போங்கள். பதிவு இலக்கம், சைற் இலக்கம், குறை, நேரம் என்று நாலு வரியில் எழுதிக்கொடுத்து வேறு சைற் கேளுங்கள். யாரிடம் கொடுத்தீர்கள் என்று அவருடைய பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். மறுத்தால் அந்தப் பூங்காவின் கண்காணிப்பாளருக்கு அதே நாலு வரியையும் படத்தையும் அனுப்புங்கள். அங்கும் பதில் இல்லையென்றால், மாகாண அரசின் அமைப்புகள் மீதான முறைப்பாடுகளைப் பார்ப்பவர் ஒன்ராறியோ ஒம்புட்ஸ்மன். அவருக்கு எழுத ஒரு சதம் செலவில்லை. தனியார் முகாம் என்றால் அவர் வரமாட்டார். மாகாண நுகர்வோர் பாதுகாப்புப் பிரிவுக்குத்தான் எழுதவேண்டும், பணம் கட்டிய ரசீதோடு.